பதினொரு வளைவும் ஒரு மடியும்

மகளிர் கார் கிளப்பில் ஆறு உறுப்பினர்கள், ஐந்து கார்கள், ஒரு மடி.

கார்கள் மற்ற ஐந்து பேருடையவை. மடி எக்ஸ்ரே அக்காவுடையது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் எங்காவது கிளம்பும். போன இடத்தில் வாங்கியதையெல்லாம் டிக்கியில் அடுக்குவார்கள். டிக்கியில் வைத்தால் உடைந்துவிடும் என்று தோன்றுகிற பொருளை எக்ஸ்ரே அக்காவின் மடியில் வைப்பார்கள். நான்கு வருடங்களில் அந்த மடி சுமந்தவை: மண் ஜாடி மூன்று, கண்ணாடி விளக்கு ஒன்று, முள் உள்ள செடி ஒன்று, வாத்து ஒன்று. வாத்து உயிரோடு இருந்தது. "பேசாம வர்ற, ஆடாம வர்ற. உன் மடி மாதிரி இன்னொரு மடி கிடைக்காதும்மா" என்று தலைவி மனமாரப் பாராட்டுவார். இப்படிப் பாராட்டியவரிடம் கால் மரத்துப்போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

ஆடாமல் இருப்பது அக்காவின் தொழில். சரியாகச் சொன்னால், அடுத்தவரை ஆடாமல் இருக்கவைப்பது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் பத்தொன்பது வருடமாக, ஒரு நாளைக்கு எண்பது பேரிடம், ஒரே வசனம்: "மூச்ச இழுங்க. பிடிங்க. ஆடாதீங்க... விடலாம்." தூக்கத்தில் அக்கா இதை உளறினால் பக்கத்தில் படுத்திருக்கும் கணவர் தூக்கத்திலேயே மூச்சைப் பிடிப்பாராம். 'விடலாம்' சொல்வதற்குள் அக்கா மறுபடி தூங்கிவிட்டால் அவர் பாடு திண்டாட்டம்.

போன வருடம் அக்கா நான்காவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கினார். பழைய நீலக் கார் ஒன்றும் வாங்கினார். அப்படியானால் கிளப்பில் ஆறு கார்கள் ஆகவில்லையா? ஆகவில்லை. பின்கண்ணாடியில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டாத கார் கிளப்பின் பார்வையில் கார் அல்ல, வாசலில் நிற்கும் ஒரு நீலப் பொருள். ஸ்டிக்கர் வேண்டுமென்றால் கிளப் வரிசையோடு சேர்ந்து ஒரு மலை ஏற வேண்டும். ஸ்டீயரிங்கில் வேறு கை படக்கூடாது. பக்கத்தில் ஓர் உறுப்பினர் சாட்சியாக உட்கார்ந்து படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் பதிவேட்டில் 'நிரந்தரப் பயணி' என்று சிவப்பு மையில் எழுதிவிடுவார்கள். அதன் பிறகு ஆயுளுக்கும் ஜாடிதான்.

முதல் வாய்ப்பில் அக்கா மூன்றாவது வளைவில் நடுரோட்டில் இறங்கிப்போய் முன்வண்டிக்காரியிடம் சாவியைக் கொடுத்தார். இரண்டாவது வாய்ப்பில் வளைவு வரைக்கும்கூடப் போகவில்லை. அடிவாரத்தில் நின்று மலையை நிமிர்ந்து பார்த்தார், சாவியை நீட்டினார்.

இந்த ஞாயிறு மூன்றாவது.

சாட்சி, அக்காவின் நாத்தனார். கணவரின் தங்கை, கிளப்பின் செயலாளர், பதிவு அலுவலகத்தில் கிளார்க். கைப்பையில் சீப்பு இல்லாமல் வெளியே வருவாரே தவிர ஸ்டாம்ப் பேட் இல்லாமல் வரமாட்டார். காலையில் நீலக் காரில் ஏறி, பெல்ட்டை மாட்டி, படிவத்தை மடியில் விரித்து, பேனாவைத் திறந்து, "அண்ணி, ஒண்ணு சொல்லிடறேன்" என்றார்.

"சொல்லும்மா."

"வீட்லதான் நீங்க அண்ணி. இந்த சீட்ல நான் சாட்சி. சலுகை கிலுகை எதிர்பார்க்காதீங்க."

"நான் என்னிக்கு எதிர்பார்த்தேன்?"

"இப்பவே படபடன்னு கண்ண சிமிட்டறீங்களே, அதான்."

"அது பயம்மா."

"படிவத்துல பயத்துக்கு எடம் இல்ல" என்று நாத்தனார் தேதியை நிரப்பினார்.

கணவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். "மலை மேல அப்படி என்ன இருக்கு? கீழ இருந்து பாத்தாலே அதே மலைதானே?" என்பது அவர் ஆசீர்வாதம்.

மலை மேல் இருந்தது ஒரு கடைத்தெரு. பன்னிரண்டு கடைகள், பன்னிரண்டும் கைவேலை. குயவர், மரம் கடைபவர், கம்பளம் நெய்பவர், கூடை முடைபவர், மணி வார்ப்பவர் என்று எல்லோரும் செய்கிற இடத்திலேயே விற்பார்கள். மாலை ஐந்து மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். ஒரு மாதமாகக் கிளப்புக்குத் தூக்கம் இல்லை. தையல் கடை அக்கா தன் முன்னறையை நான்கு முறை அளந்து, கம்பளத்துக்கு இடம் குறித்து, அங்கே இருந்த கணவரின் நாற்காலியை மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டார். பல் டாக்டருக்குக் காற்றில் ஆடும் மணிச்சரம் வேண்டும். துளைபோடும் சத்தம் காத்திருப்பவர்கள் காதில் விழுவதால் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்களாம். கேக் கடைக்காரிக்கு முழங்கை நீளத்தில் மர உருளை. தலைவிக்கு இடுப்புயர ஜாடி. நாத்தனாருக்கு ஒன்றும் வேண்டாம், அவர் சாட்சி.

தலைவி ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். முப்பத்தொரு வருடப் பணிக்குப் பிறகு ரயில்வே அவரை விட்டுவிட்டது. அவர் ரயில்வேயை விடவில்லை. கழுத்தில் விசிலும் டாஷ்போர்டில் பச்சைக் கொடியும் இன்னும் உண்டு. கிளப்பின் ஏழாவது விதி அவர் கைப்பட எழுதியது. ஒவ்வொரு வண்டியும் தனக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. பின்வண்டி கண்ணாடியில் தெரியவில்லையா, ஓரங்கட்டி நில். அது வந்து தெரிந்த பிறகே நகரு. எக்காரணம் கொண்டும் திரும்பிப் போகாதே. இந்த விதியால் நான்கு வருடத்தில் ஒருவர்கூடத் தொலைந்ததில்லை. ஒருவர்கூட நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இல்லை.

அடிவாரத்து டீக்கடையில் ஐந்து கார்களும் வரிசையாக நின்றன. தலைவி, பல் டாக்டர், தையல் அக்கா, கேக் கடைக்காரி, கடைசியாக நீலக் கார்.

"இங்க இருந்து மேல பதினொரு வளைவு" என்றார் தலைவி. "நடுவுல வண்டி திருப்ப எடம் கிடையாது, போன்ல சிக்னலும் கிடையாது. கண்ணாடிதான் சிக்னல். எல்லாரும் பின்னாடி பாத்துக்கிட்டே வாங்க."

"மேடம், கொஞ்சம் முன்னாடியும் பாக்கலாமா?" என்றார் பல் டாக்டர்.

"கிண்டலா?"

"இல்ல மேடம், வளைவுன்னு சொன்னீங்களே."

விசில் ஊதியது. பச்சைக் கொடி ஆடியது. நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்துப் படிவத்தில் எழுதினார்: பத்து மணி நாற்பது.

முதல் வளைவை அக்கா கண்ணை மூடாமல் கடந்தார். நாத்தனார் மூடிக்கொண்டார். இரண்டாவது வளைவு செங்குத்து. நடுவில் நீலக் கார் இருமுறை இருமி அணைந்தது. அக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். முன்னால் கேக் கடைக்காரியின் கார் வளைவில் மறைந்தது. பின்னால் ஒரு லாரி வந்து முட்டுகிற தூரத்தில் நின்று ஹாரன் அடித்தது.

அக்கா ஸ்டார்ட் செய்தார். கார் பின்னால் நழுவியது. லாரி அலறியது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி நழுவல். கை தானாக ஸ்டீயரிங்கை விட்டுச் சாவியைத் தொட்டது. இரண்டு தடவை நீட்டிய அதே சாவி. நீட்டுவதற்காக நாத்தனார் பக்கம் திரும்பினார்.

நாத்தனார் நெஞ்சை நிமிர்த்தி, வாயை இறுக மூடி, கண் பிதுங்க, ஆடாமல் உட்கார்ந்திருந்தார். மூச்சே விடவில்லை. அப்படி ஒரு முகத்தைப் பார்த்தால் பத்தொன்பது வருடப் பழக்கம் சும்மா இருக்குமா?

"பிடிங்க" என்றார் அக்கா. இடது கால் கிளட்சில் பாதியில் நின்றது. எஞ்சின் குரல் தாழ்ந்து முனகியது. "ஆடாதீங்க." கார் ஆடவில்லை. "விடலாம்."

நாத்தனார் மூச்சை விட்டார். அக்காவின் கை ஹேண்ட் பிரேக்கை விட்டது. நீலக் கார் ஓர் அங்குலம்கூட நழுவாமல் மேலே ஏறியது.

"அண்ணி! ஏறுது!"

"எனக்கும் தெரியுது!"

"எப்படி பண்ணீங்க?"

"படம் எடுத்தேன்" என்றார் அக்கா. அவருக்குத் தலை கால் புரியவில்லை. கியரை மாற்றக்கூடப் பயந்து, முதல் கியரிலேயே எஞ்சின் கதறக் கதற ஏறிக்கொண்டிருந்தார். வளைவு முடிந்த இடத்தில் ஒரு மரக் கை நின்றது. ஆளுயரம். நகம், ரேகை, விரல் கணு எல்லாம் செதுக்கி, ஆள்காட்டி விரலை இடப்பக்கம் நீட்டி, மணிக்கட்டில் 'கைவினைக் கடைத்தெரு' என்று பொறித்திருந்தது. இவ்வளவு அழகான கை காட்டுகிற பக்கம் போகாமல் எந்தப் பக்கம் போவது? அக்கா இடப்பக்கம் ஒடித்தார்.

முன்னால் போன நான்கு பேரும் அந்தக் கையைப் பார்க்கவில்லை. நான்கு பேரும் விதிப்படி கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய சாலை போடுவதற்கு முன்பே நட்ட அந்தக் கை காட்டியது பழைய பாதை. மலைவாசிகள் மரம் ஏற்ற வைத்திருக்கும் குறுக்குவழி. அகலம் ஒரு காரும் அதன் மானமும். வளைவே கிடையாது, ஏற்றம் மட்டும்.

"அண்ணி, முன்னாடி யாரையும் காணோமே."

"வேகமா போயிருப்பாங்க."

"ரோடு சின்னதாயிட்டே போகுதே."

"மலைன்னா மேல சின்னதாத்தானேம்மா இருக்கும்."

நாத்தனார் இதற்கு எந்த விதியை மேற்கோள் காட்டுவது என்று யோசிப்பதற்குள் எதிரே ஒரு ஜீப் வந்தது. கூரை மேல் இருபது முக்காலிகள் கட்டியிருந்தன. இரண்டு வண்டிகளும் மூக்கோடு மூக்கு நின்றன. ஜீப்காரர் கையை ஆட்டினார், பின்னால் போகச் சொல்லி.

அக்கா தலையை வெளியே நீட்டினார். "எனக்கு ரிவர்ஸ் வராதுங்க!"

"இந்த ரோட்ல யாருக்கும்மா வரும்?"

"உங்களுக்கு வரும்னு தோணுது!"

ஜீப்காரர் ஒரு கணம் அக்காவைப் பார்த்தார். ஒரு கணம் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் படிவத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அரசாங்கச் சோதனை என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, மறுபேச்சு இல்லாமல் இருபது முக்காலிகளோடு இருநூறு அடி பின்னால் ஏறினார். ஒரு பாறை இடுக்கில் ஒதுங்கி வழிவிட்டார். "முக்காலி வேணும்னா நாலாவது கடை, என் பொண்டாட்டி இருப்பா!" என்று கத்தியும் வைத்தார்.

ஐந்து நிமிடத்தில் நீலக் கார் ஒரு கொல்லைப்புறத்தில் போய் நின்றது. சுற்றிலும் காய்ந்துகொண்டிருக்கும் பானைகள். குயவம்மா களிமண் கையோடு ஓடிவந்தார்.

"யாருங்க நீங்க? இந்தப் பக்கமா வந்தீங்க? இப்பல்லாம் கஸ்டமர் யாரும் இந்தப் பக்கமா வர்றதே இல்லையே!"

அக்கா இறங்கினார். திரும்பி மலையைப் பார்த்தார். இந்தத் தடவை அது கீழே இருந்தது. "ஏறிட்டேன்" என்றார், குயவம்மாவின் களிமண் கையைப் பிடித்துக் குலுக்கியபடி. "நான் ஏறிட்டேங்க!"

"ரொம்ப சந்தோஷம்" என்றார் குயவம்மா. காரில் வந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற வாடிக்கையாளரை அவர் அதுவரை கண்டதில்லை.

மற்றவர்கள் வரக் காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரம் போனது. ஒன்றும் வேண்டாத நாத்தனார் அதற்குள் ஒரு கூடை வாங்கினார், கூடை காலியாக இருக்கிறதே என்று ஆறு மரக் கிண்ணங்கள் வாங்கினார், கிண்ணங்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க ஒரு கம்பளி வாங்கினார். அக்காவால் எதையும் தொட முடியவில்லை. படிவத்தில் என்ன எழுதியிருக்கும் என்றே மனம் ஓடியது.

"கையெழுத்து போட்டுட்டியாம்மா?"

"எப்படி போடறது? வரிசையோட சேந்து ஏறணும். வரிசை எங்க?"

குயவம்மா கொல்லையின் ஓரத்தில் நின்று கூப்பிட்டார். "கார் கார்னு சொல்றீங்களே, அதுங்களா பாருங்க!"

அங்கிருந்து பார்த்தால் பெரிய சாலை முழுவதும் தெரிந்தது. நான்காவது வளைவில் ஒரு கார். ஆறாவதில் ஒன்று. எட்டாவதில் ஒன்று. பத்தாவதில் தலைவியுடையது. ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் ஒரு பெண் நெற்றியில் கை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். கேக் கடைக்காரி நீலக் காருக்காகக் காத்திருந்தார். தையல் அக்கா கேக் கடைக்காரிக்காக. பல் டாக்டர் தையல் அக்காவுக்காக. தலைவி எல்லோருக்காகவும். நீலக் கார் பின்னாலிருந்து வரும்வரை இந்த மலையில் ஒன்றும் நகராது.

இருவரும் கத்திப் பார்த்தார்கள். கம்பளியை வீசிப் பார்த்தார்கள். மணிக்கடைக்காரர் இருப்பதிலேயே பெரிய மணியை அடித்துக் காட்டினார். கீழே ஒருவரும் நிமிரவில்லை. தொலைந்தவர் மேலே இருப்பார் என்று யாருக்குத் தோன்றும்?

"யாராவது போய்ச் சொல்லிட்டு வர முடியுமாங்க?" என்றார் அக்கா.

"வண்டி வச்சிருக்கற ஆளுங்க எல்லாம் சரக்கு எடுத்துக்கிட்டு சந்தைக்குப் போயிட்டாங்களே."

மணி ஒன்றரை. கடைகள் ஐந்துக்கு மூடும்.

நாத்தனார் பேனாவை மூடினார். "அண்ணி, சாவியக் குடுங்க. எறக்கம் உங்களுக்குப் பழக்கம் இல்ல. நான் போய் அவங்கள கூட்டிட்டு வர்றேன்."

"நீ தொட்டா?"

"வேறு கை பட்டதா, ஆம்னு எழுதணும்."

"மூணாவது வாய்ப்பு?"

நாத்தனார் படிவத்தை அண்ணி பக்கம் திருப்பி, விரலால் ஒரு வரியைத் தட்டிக் காட்டினார். பதிவு அலுவலகத்தில் ஒன்று முடியாது என்றால் அவர் சொல்லும் விதம் அதுதான்.

அக்கா சாவியைப் பார்த்தார். பிறகு காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். "வர்றியா, இல்ல கூடைக்குக் காவல் இருக்கியா?"

பெரிய சாலையில் இறங்குமுகம் வேறு மாதிரி பயம். ஏறும்போது கார் வரமாட்டேன் என்கிறது, இறங்கும்போது நமக்கு முன்னால் போய்விடுவேன் என்கிறது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது கியரில் பிடித்து இறக்கினார். பத்தாவது வளைவில் தலைவி நடுரோட்டில் கை நீட்டி நிறுத்தினார்.

"நீ எப்படி மேல இருந்து வர்ற?"

"மேல போயிட்டேன் மேடம். இப்ப கீழ வர்றேன். வாங்க, எல்லாரும் போலாம்."

"எப்படிப் போறது? ரெண்டாவது வண்டி இன்னும் கண்ணாடில வரல."

"அவங்க எட்டாவது வளைவுல நிக்கிறாங்க. மூணாவது வரலன்னு."

"மூணாவது?"

"நாலாவது வரலன்னு."

"நாலாவது?"

"நான் வரலன்னு."

தலைவி யோசித்தார். முப்பத்தொரு வருட அனுபவம் அவர் முகத்தில் தண்டவாளம் மாற்றிக்கொண்டிருந்தது. "எதிர்ல வர்றதால நீ எனக்கு எதிர்வண்டி. கடைசி வண்டி இன்னும் வரல."

"மேடம், நான்தான் கடைசி வண்டி."

"அப்ப கடைசியா வா."

நாத்தனார் ஜன்னல் வழியாக, "விதிப்படி மேடம் சொல்றது சரிதான் அண்ணி" என்றார்.

"நீ யார் பக்கம்?"

"நான் சாட்சி."

எட்டாவது வளைவில் பல் டாக்டர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நாளெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிறவர், தன் வாயைத் தானாகவே திறந்து வைத்திருந்தார். ஆறாவதில் தையல் அக்கா பொழுது போகாமல் சாலைத் தடுப்புச் சுவர் முழுவதையும் டேப் வைத்து அளந்து முடித்திருந்தார். "நூத்தி நாப்பது அடி, உள்பக்கம் ரெண்டு இஞ்சு தூக்கல்" என்று கத்தினார். நான்காவதில் கேக் கடைக்காரி ஓடிவந்து ஜன்னலுக்குள் தலையை விட்டு அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"பள்ளத்துல விழுந்துட்டேன்னு நெனச்சேன்டி! திரும்பி வரலாம்னா எடமும் இல்ல, விதியும் இல்ல. அழுதுட்டே இருந்தேன். அழுதுட்டே எல்லாருக்கும் கொண்டுவந்த கேக்ல பாதிய தின்னுட்டேன்."

"மீதி இருக்கா?"

"இப்ப சந்தோஷத்துல அதையும் தின்னுடுவேன் போல இருக்கு."

"தின்னு. ஆனா கண்ணாடியப் பாத்துக்கிட்டே தின்னு. நான் பின்னாடி வருவேன்."

அடிவாரத்து டீக்கடையில் வண்டியைத் திருப்பினார் அக்கா. மணி இரண்டேகால். காலையில் கிளம்பிய அதே இடம். நாத்தனார் மூச்சை இழுத்துப் பிடிக்கத் தயாரானார்.

"வேணாம்மா, நீ சாதாரணமா மூச்சு விடு. இப்ப எனக்கே வரும்."

முதல் வளைவு. இரண்டாவது வளைவின் செங்குத்து. போன தடவை அணைந்த இடத்தில் கார் அணையவில்லை. மரக் கை இடப்பக்கம் விரல் நீட்டியது. அக்கா அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராகப் போனார். முதல் வாய்ப்பில் சாவியை ஒப்படைத்த மூன்றாவது வளைவு வந்தது, போனது. நான்காவதில் கேக் கடைக்காரி கண்ணாடியில் நீலத்தைப் பார்த்துவிட்டார். சந்தோஷத்தில் அவசரமாகக் கிளப்பி, ஹேண்ட் பிரேக்கை எடுக்காமல், ஏற்றத்தின் நடுவில் அணைத்து நிறுத்தினார். பின்னால் அக்காவும் நிற்க வேண்டியதாயிற்று. மூக்கு வானத்தைப் பார்க்க, வால் பள்ளத்தைப் பார்க்க.

"அண்ணி..."

"இழு" என்றார் அக்கா, காரிடம். "பிடி. ஆடாதே." முன்னால் கேக் கார் உறுமி நகர்ந்தது. "விடலாம்."

பிறகு நடந்ததை மேலே கொல்லையில் நின்று பார்த்தவர்கள் குயவம்மாவும் மணிக்கடைக்காரரும்தான். நீலம் வந்ததும் கேக் கார் நகர்ந்தது. கேக் காரைக் கண்டதும் தையல் அக்கா டேப்பைச் சுருட்டிக் காருக்குள் எறிந்துவிட்டுத் தாவி ஏறினார். தையல் காரின் ஹாரனில் பல் டாக்டர் வாயை மூடி எழுந்தார். பல் டாக்டர் தெரிந்ததும் தலைவியின் விசில் மலை முழுக்கக் கேட்டது, பச்சைக் கொடி ஜன்னலில் படபடத்தது. நூலில் மணி கோத்தது போல ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஐந்து கார்களும் ஒரே வரிசையாகப் பதினோராவது வளைவைத் திரும்பின. ஐந்து ஹாரன்களும் சேர்ந்து ஒலித்தன. மணிக்கடைக்காரர் பதிலுக்குப் பெரிய மணியை அடித்தார். இந்தத் தடவை எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மூன்று மணிக்கு மேல் கடைத்தெரு பட்ட பாட்டை அந்தக் கடைக்காரர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தையல் அக்கா கம்பளத்தைத் தெருவில் விரித்து அளந்து, நெய்தவரிடம் ஓரம் கோணல் என்று நிரூபித்து, அவரோடு அரை மணி நேரம் சண்டை போட்டு, அவரையே குருவாக ஏற்றுக்கொண்டு வாங்கினார். பல் டாக்டர் பதினேழு மணிச்சரங்களை ஆட்டிப் பார்த்து, எது துளைபோடும் சத்தத்தை மறைக்கும் என்று வாயால் 'ஜ்ஜ்ஜ்' என்று போட்டுச் சோதித்தார். கடைக்காரரின் மனைவி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேக் கடைக்காரி உருளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்த விதத்தில் எல்லாக் கடையிலும் பேரம் சுலபமாக முடிந்தது. நாத்தனார் முக்காலி வேறு வாங்கிவிட்டார்.

எக்ஸ்ரே அக்கா மட்டும் குயவம்மா வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார்.

தலைவி படிவத்தை வாங்கிப் படித்தார். மற்றவர்கள் மூட்டைகளோடு சுற்றி நின்றார்கள்.

"வேறு கை பட்டதா, இல்லை. சரி. வரிசை மீறப்பட்டதா? இத ஏன் காலியா விட்டிருக்க?" என்றார் நாத்தனாரிடம். "கடைசி வண்டி வரிசைய விட்டுட்டு வேற ரோட்ல போயிருக்கு. இது மீறல். எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா விதி விதிதான்."

அக்கா தலையைக் குனிந்தார். கேக் கடைக்காரி உருளையைத் தோளிலிருந்து இறக்கினார்.

நாத்தனார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "மேடம், விதி ஒண்ணு. கிளப் பயணம்னா என்ன? குறைஞ்சது ரெண்டு வண்டி, ஒண்ணு பின்னாடி ஒண்ணா போறது. அண்ணி அந்த மரக் கைகிட்ட திரும்புனப்புறம் எங்களுக்கு முன்னாடி வண்டி இல்ல, பின்னாடி வண்டி இல்ல. அதனால அது கிளப் பயணமே இல்ல. எங்க குடும்ப விஷயம்."

"குடும்ப விஷயமா?"

"அண்ணியும் நாத்தனாரும் எங்கயோ போனோம். அத கிளப் கேக்க முடியாது."

"மேல இருந்து கீழ வந்தது?"

"அதுவும் குடும்ப விஷயம். நீங்களே எதிர்வண்டின்னுதானே சொன்னீங்க? எதிர்வண்டி மேல நம்ம விதி செல்லுமா?"

தலைவி படிவத்தை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார்.

"அடிவாரத்துல இருந்து ரெண்டே காலுக்குக் கிளம்பினதுதான் மலைத் தேர்வு. கடைசியா வான்னு சொன்னீங்க. கடைசியா வந்தாங்க. நீங்க நாலு பேரும் நகந்ததே அண்ணி உங்க கண்ணாடில வந்ததாலதான். வரிசை மீறப்பட்டதா?" நாத்தனார் பேனாவைத் திறந்தார். "இல்லை. வரிசை அமைக்கப்பட்டது. அப்படியே எழுதறேன்."

யாரும் மூச்சு விடவில்லை. அக்காவுக்கு 'விடலாம்' என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

"ஸ்டாம்ப் பேட் கொண்டுவந்திருக்கியா?" என்றார் தலைவி.

கைப்பை திறந்தது. முத்திரை விழுந்த சத்தம் பெரிய மணியைவிடப் பலமாக இருந்ததாகக் கேக் கடைக்காரி இன்றும் சத்தியம் செய்கிறார். மஞ்சள் ஸ்டிக்கரை நீலக் காரின் பின்கண்ணாடியில் தலைவியே ஒட்டினார். கோணலாக ஒட்டிவிட்டார். தையல் அக்கா அளந்து பார்த்து, "அரை இஞ்சு எடப்பக்கம் சாஞ்சிருக்கு" என்றார். அக்கா மாற்ற விடவில்லை. எடப்பக்கம் சாய்வதுதான் தனக்கு ராசி என்றார்.

ஐந்து மணிக்குக் கதவுகள் சாத்தப்பட்டபோது எல்லாம் டிக்கியில் ஏறியிருந்தது, தலைவியின் ஜாடியைத் தவிர. இடுப்புயரம், கழுத்து ஒல்லி, பளபளவென்று பச்சை. தட்டினால் பாடியது. தலைவி அதைக் கட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில், எக்ஸ்ரே அக்காவைத் தேடினார். அக்கா டிரைவர் சீட்டில் இருந்தார்.

அப்போதுதான் கிளப்புக்கு உறைத்தது. ஆறு உறுப்பினர்கள், ஆறு கார்கள், மடி இல்லை.

"டிக்கில வைக்கலாமே" என்றார் பல் டாக்டர்.

"பதினொரு வளைவு!" என்று ஜாடியை இன்னும் இறுக்கினார் தலைவி.

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். எல்லோர் கையிலும் சாவி இருந்தது. நாத்தனாரிடம் மட்டும் இல்லை. அவர் அதை உடனே சரிசெய்துகொண்டார். "மேடம், உங்க வண்டிய நான் ஓட்டிட்டு வர்றேன். நீங்க அண்ணி வண்டில உக்காருங்க. விதிப்படி தடை இல்ல."

கிளப் வரலாற்றில் முதல்முறையாகத் தலைவி கடைசி வண்டியில், பயணி சீட்டில், மடியில் ஜாடியோடு உட்கார்ந்தார். முன்னால் பார்த்தால் ஜாடி. பக்கத்தில் பார்த்தால் ஜாடி. கண்ணாடி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. மேலே ஏறும்போது மூன்று மணி நேரத்துக்கு மேல் வளைவில் நின்றவருக்கு, மூன்றாவது நிமிடத்திலேயே கால் மரத்தது.

"நாலு வருஷமா இத எப்படிம்மா தாங்கின?"

"மூச்ச இழுத்துப் பிடிச்சுப்பேன் மேடம்."

நீலக் கார் முதல் இறக்கத்தில் மூக்கை நுழைத்தது. முன்னால் நான்கு சிவப்பு விளக்கு ஜோடிகள் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தன. தலைவி ஜாடிக்குப் பின்னாலிருந்து பதற்றமாகக் கேட்டார்.

"பின்னாடி யாராவது வர்றாங்களா பாரும்மா."

"நாமதான் மேடம் கடைசி" என்றார் எக்ஸ்ரே அக்கா, கியரை மாற்றியபடி. "ஆடாதீங்க. ஜாடி பத்திரம்."